வரிசைப்படி அடுத்த அதிகாரம்

இன்று காலை தேநீர்க் கடையில் ஒருவர் கண்ணாடிக் கிளாஸைக் கரண்டியால் தட்டினார். சீனி போதவில்லையென்று கடைக்கார அண்ணனைக் கூப்பிடத் தட்டியது. வாசித்துக்கொண்டிருந்த நான் சட்டென்று நிறுத்தி, அந்த வரியின் தொடக்கத்துக்குப் போய் மறுபடி வாசித்தேன். பாதி வரி போன பிறகுதான் எனக்கே உறைத்தது. தட்டியது நீ இல்லை.

உன் வேலையைப் பார்த்தாயா? நீ போய் வருஷங்கள் ஆகின்றன, இன்னமும் ஒரு கரண்டிச் சத்தத்தில் என்னைத் திருப்பி அனுப்புகிறாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடுக்கடையில் தனியாகச் சிரித்தேன். அந்த மனிதர் தன் சட்டையில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார்.

அதுவும் இன்றைக்குப் போய்த் தட்டுகிறாரே! இன்றைய அதிகாரம் எது தெரியுமா? எருசலேமின் சுவரை எல்லோருமாகச் சேர்ந்து கட்டுகிற அதிகாரம். உன் அடக்க ஆராதனையில் நான் வாசித்த அதே நெகேமியா மூன்று. நாங்கள் தேடி எடுக்கவில்லை. நாளுக்கு ஓர் அதிகாரமாக வந்து, கடைசிப் புத்தகத்தையும் முடித்து, ஆதியிலிருந்து மறுபடி தொடங்கி, ஆடு மேய்கிற வேகத்தில் நடந்து, இன்று தானாகவே அந்த இடத்துக்கு வந்து நிற்கிறோம். அதனால்தான் உனக்கு இந்த மடல்.

எழுதுவது நான்தான். என் கையால், தமிழில். யாரும் எழுதித் தரவில்லை. நான் படித்த எழுத்துத் தமிழெல்லாம் வேதாகமத்திலிருந்து பொறுக்கியது, அதனால் அங்கங்கே பழைய வாடை அடிக்கும். பொறுத்துக்கொள்.

நம்முடைய காலை நேரம் எப்படி ஆரம்பித்தது என்று யோசித்தால், ஒரு திட்டமும் இருந்ததில்லை. நான் பள்ளி வேன் ஓட்டுகிறவள். காலைப் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மத்தியானப் பிள்ளைகளை ஏற்றும் வரை எனக்கு வேலை கிடையாது. நீ லிட்டில் இந்தியாவில் சேலைக் கடையில் நின்றாய். கடைக்கு மேலேயே ஒரு வாடகை அறையில் குடியிருந்ததால் கடை திறக்கும் வரை உனக்கும் நேரம் கிடந்தது. ஞாயிறு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒருத்தி காலை ஒருத்தி மிதித்துக்கொண்டு வளர்ந்தவர்கள் நாம். குயின் ஸ்ட்ரீட் முனையில் அண்ணன் கடையில் ஓரத்து மேசையைப் பிடித்துக்கொண்டோம். நீ வாசிப்பாய், நான் கேட்பேன்.

நான் ஏன் வாசிக்கவில்லை என்பது ஊருக்கே தெரியும். மலாய்ப் பள்ளியில் படித்தவள். வீட்டில் தமிழ், ஆலயத்தில் தமிழ், வேனை மறித்து நிறுத்துகிறவனைத் திட்டும்போது சுத்தத் தமிழ். ஆனால் எழுத்தைக் காட்டினால் தலையும் புரியாது வாலும் புரியாது. பாட்டுகளை ரோமன் எழுத்தில் அடித்துத் தருவார்கள், பாடிவிடுவேன். வேதாகமத்துக்கு அந்த வசதி இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மடியில் திறந்து வைத்துக்கொண்டு, நீ மேலே வாசிக்க வாசிக்கக் கீழே சும்மா பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதில் எனக்கு வெட்கமும் இல்லை. வாசிக்க நீ இருந்தாய், அப்புறம் எனக்கு என்ன குறை?

சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு குரல் உனக்கு. மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் வேத பாடம் வாசிப்பாய். சேலைக் கடையின் மாடியிலிருந்து நீ கீழே நிற்கிற பையனிடம் பச்சைப் பட்டை எடுத்து வரச் சொன்னால், எதிர்ச்சாரியில் பணம் மாற்றுகிறவர் தலையைத் தூக்கிப் பார்ப்பார். பேசினால் கடைத்தெரு, வாசித்தால் மலைப்பிரசங்கம் என்று உன்னைக் கேலி செய்வேன். நீ அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வாய்.

உனக்கு ஒரே ஒரு சட்டம்தான். வரிசைப்படி அடுத்தது எதுவோ அது. நம் சபையில் பலரும் காலையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். அன்றைக்கு ஓர் ஆறுதல் வசனம் கிடைத்துவிடும், அதோடு நாள் ஓடும். உனக்கு அது ஆகாது. "கேக்ல ஐசிங்க மட்டும் வழிச்சு நக்குற கூட்டம் லா இது" என்பாய். குஷ்டரோகச் சட்டமா, கூடாரத்துக்கு எத்தனை கொக்கி எத்தனை வளையம் என்கிற கணக்கா, யார் யாருக்குப் பிறந்தான் என்கிற நீண்ட பட்டியலா, ஒன்றையும் தாண்டவிடமாட்டாய். பெயர்ப் பட்டியலில் எனக்குக் கொட்டாவி வரும். நீயோ ஒவ்வொரு பெயரையும், கல்யாண வீட்டு வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்பதைப்போல, நின்று நிதானமாகச் சொல்வாய். ஒருநாள் நான் அந்தப் பக்கத்தை மட்டும் விட்டுவிடலாமே என்று கேட்டேன்.

"பேரத் தாண்டாதடி. ஆண்டவரு மெனக்கெட்டு எழுதி வச்சிருக்காரு, வாசிக்கிறதுக்கு உனக்கு வலிக்குதா?"

அண்ணன் அப்போது பால் ஆற்றிக்கொண்டிருந்தார். அவர் கடையில் பிள்ளையார் படத்துக்குத் தினமும் புதுப் பூ வைப்பவர், ஆலயத்து வாசலை மிதிக்காதவர். ஆரம்பத்தில் நமக்காக வானொலியைக் கொஞ்சம் குறைத்து வைத்தார். பிறகு அதை நிறுத்தியே விட்டார். ராஜாக்களின் கதை வந்த நாட்களில் அவருக்குப் பெரும் கவலை. நேற்று மொட்டை மாடியில் உலாவின ராஜா என்ன ஆனான், அந்தப் பிள்ளை தப்பித்ததா என்று நாம் உட்காருமுன்னே கேட்பார். நாளாகமம் தொடங்கி, அதே ராஜாக்கள் மறுபடி வந்தபோது அவருக்குக் கோபமே வந்துவிட்டது. சொன்ன கதையையே சொல்கிறீர்களே என்றார். ஒரே தெருவில் நடந்ததை இரண்டு கடைக்காரர்களிடம் விசாரித்தால் இரண்டு விதமாகச் சொல்வார்கள் இல்லையா அண்ணே, அதுதான் இது என்றாய். அவர் யோசித்துப் பார்த்து, நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டார்.

அந்த நாளாகமத்தில்தான் உன் குரல் கம்மத் தொடங்கியது. கடையில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது என்று நினைத்தோம். அதிமதுரத்தை மென்றாய், வெந்நீர் குடித்தாய், அண்ணன் இஞ்சியைத் தட்டிப் போட்டுத் தந்தார். ஒன்றுக்கும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, குரல்வளையையே எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் ஆள் தங்காது என்று சொல்லிவிட்டார்கள்.

அறுவைச் சிகிச்சைக்கு முந்தின காலையும் நீ வந்தாய். ஒன்றும் விசேஷமாகச் செய்யவில்லை. நாளாகமத்தின் கடைசி அதிகாரம் வரிசையில் நின்றது, அதை வாசித்தாய். கரகரத்த குரலில் முடித்துவிட்டு, சேலையிலிருந்து கழற்றின விலைச் சீட்டு ஒன்றை அந்தப் பக்கத்தில் அடையாளத்துக்கு வைத்து மூடினாய். நான் அழுதேன். நீ என்னைப் பார்த்து, அழுகிறவளுக்கு ஒரு கிளாஸ் தே வாங்கித் தரமாட்டேன் என்றாய். உன் குரலில் நான் கடைசியாகக் கேட்டது அதுதான்.

மறுபடி நீ கடைக்கு வந்தபோது பாதி ஆளாகியிருந்தாய். கழுத்தில் மூச்சுக்கு விட்ட துளையை மறைத்து ஒரு மெல்லிய கைத்தறித் துணி. தொண்டையில் வைத்துப் பேச ஒரு கருவி தந்திருந்தார்கள். அதை வைத்து அண்ணனிடம் தே சொன்னாய், தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற சத்தம். பிறகு அதைப் பைக்குள் போட்டுவிட்டு, கைப்பேசியில் தட்டி அண்ணனிடம் நீட்டினாய். அவர் எனக்கு வாசித்துச் சொன்னார். இதை வைத்துச் சாமான் வாங்குவேன், வேதம் வாசிக்கமாட்டேன் என்று எழுதியிருந்தாய். அப்புறம் வேதாகமத்தை எடுத்து, விலைச் சீட்டு இருந்த பக்கத்தைத் திறந்து, என் பக்கமாகத் தள்ளினாய்.

எனக்கு வந்ததே கோபம். எனக்கு வாசிக்கத் தெரியாது என்று உனக்குத் தெரியாதா, கழுத்தை அறுத்தபோது மூளையையும் சேர்த்து எடுத்துவிட்டார்களா என்று கத்தினேன். இப்படியெல்லாம் உன்னிடம் பேசினேன் என்று இப்போது யாரிடமும் சொல்வதில்லை. உனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தாய். அண்ணன் இடையில் வந்து, தான் தமிழ்ப் பள்ளியில் படித்தவன்தான், வேண்டுமானால் தானே வாசிப்பதாகச் சொன்னார். நீ தலையை ஆட்டி மறுத்துவிட்டு, கரண்டியை என் நெஞ்சுக்கு நேராக நீட்டினாய்.

குரல் இல்லாதவள் எழுத்தறியாதவளுக்கு எப்படி வாசிக்கச் சொல்லித் தருவாள்? யாரிடம் கேட்டாலும் நடக்காது என்றுதான் சொல்வார்கள். நீ யாரிடமும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துத் தெருவில் இறக்கிவிட்டாய். லிட்டில் இந்தியாவில் ஒவ்வொரு கடைப் பலகையிலும் மேலே தமிழ், கீழே ரோமன் எழுத்து. கீழே உள்ளது எனக்குத் தெரியும். அதை நான் சத்தமாகச் சொல்வேன், நீ மேலே உள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டுவாய். நகைக் கடைப் பலகையில் 'ந'வைப் பிடித்தேன், சேலைக் கடையில் 'சே'யைப் பிடித்தேன். பிறகு மேசைக்கு இழுத்து வந்து அதே எழுத்தை வேதாகமத்தில் தேடச் சொல்வாய். மார்க்கெட் ஸ்ட்ரீட் முழுவதும் எனக்கு அரிச்சுவடி ஆகிவிட்டது. என்னம்மா, கடை வாங்கப்போகிறீர்களா என்று நகைக் கடை வாசலில் நிற்கிற காவலாளி கேட்பார்.

எழுத்துகள் பிடிபட்ட பிறகு கரண்டி வந்தது. நான் வாசிப்பேன், நீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு கேட்பாய். பிழை விட்டால் ஒரு தட்டு. வரியின் தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும், பிழை எங்கே என்று நானே கண்டுபிடிக்க வேண்டும். சரியாக வாசித்தால் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருப்பாய், அதுதான் சபாஷ். முதல் வரியை முடிப்பதற்குள் உன் தே ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. டிங், திரும்பு. டிங், திரும்பு. ஒருமுறை பொறுக்க முடியாமல் கரண்டியைப் பிடுங்கி அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். நீ பையிலிருந்து இன்னொன்றை எடுத்தாய்.

எதற்காக இந்தப் பாடு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. என் மேல் உள்ள கரிசனம் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, உனக்குப் பயம் ஒன்று இருந்தது. சாவுக்கு நீ பயப்படவில்லை. அந்த மேசையில் வரிசை அறுந்துவிடுமோ என்றுதான் பயந்தாய். உன் குரல் போன இடத்தில் சத்தம் நின்றுவிட்டால் நோய் ஜெயித்துவிடும் என்று நினைத்தாய். அதை நீ எனக்குச் சொல்லவே இல்லை, தட்டிக்கொண்டே இருந்தாய்.

சிறையிருப்பிலிருந்து திரும்பின ஜனங்கள் ஆலயத்துக்கு அஸ்திபாரம் போடுகிற இடத்துக்கு வந்தோம். பழைய ஆலயத்தைப் பார்த்திருந்த முதியவர்கள் ஓவென்று அழுதார்களாம், மற்றவர்கள் சந்தோஷத்தில் கூச்சலிட்டார்களாம், தூரத்திலிருந்து கேட்டவர்களுக்கு அழுகை எது ஆர்ப்பரிப்பு எது என்று பிரித்தறிய முடியவில்லையாம். அந்த வரியை ஒரு தட்டும் வாங்காமல் நான் வாசித்து முடித்தேன். நிமிர்ந்தால், நீ கலக்குவதை மறந்து உட்கார்ந்திருந்தாய். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு, கழுத்துத் துணி மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. உனக்கு அழவும் சத்தமில்லை, சிரிக்கவும் சத்தமில்லை, எனக்கு எதுவென்று சொல்லத் தெரியவில்லை. அண்ணன் அன்றைக்கு நமக்கு வடை போட்டுத் தந்தார்.

அதற்குப் பிறகு நோய் வேறு இடத்தில் எட்டிப் பார்த்தது. இம்முறை எடுத்துப்போட அங்கே ஒன்றுமில்லை என்றார்கள். நான் வேனை ஆஸ்பத்திரிக்குத் திருப்பினேன். காலைப் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக உன் கட்டிலுக்கு வருவேன். அங்கே கிளாஸும் இல்லை கரண்டியும் இல்லை, மோதிர விரலால் கட்டில் கம்பியைத் தட்டுவாய். பக்கத்துக் கட்டில் சீனப் பாட்டி முதலில் முறைத்தார். பிறகு நான் பிழை விட்டால் உனக்கு முன்னால் அவர் சிரிக்கத் தொடங்கினார்.

பாஸ்டர் வந்த நாளில் நானும் இருந்தேன். ஆராதனையைப் பற்றி உனக்கு ஏதாவது விருப்பம் உண்டா என்று மெல்லக் கேட்டார், மேய்ப்பனைப் பற்றிய சங்கீதத்தை வாசிக்கலாமா என்றார். நீ கைப்பேசியை எடுத்துத் தட்டினாய். அவர் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு என்னிடம் நீட்டினார். நானே வாசித்தேன். வரிசைப்படி அடுத்தது எதுவோ அது, வாசிக்கிறது இவள்தான், ஐசிங் வேண்டாம்.

நம் கடைசிக் காலை நெகேமியா இரண்டு. இடிந்து கிடக்கிற சுவரை நெகேமியா யாருக்கும் சொல்லாமல் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, ஜனங்களிடம் சொல்கிறான், அவர்களும் எழுந்து கட்டுவோம் என்று கைகளைத் திடப்படுத்திக்கொள்கிறார்கள். அந்த இடத்தில் நிறுத்தி உன்னைப் பார்த்தேன். கண்ணைத் திறக்கவில்லை. கை மட்டும் போர்வைக்கு மேலே உயர்ந்து, இல்லாத கரண்டியால் இல்லாத தேநீரை ஒரு சுற்று கலக்கியது.

மறுநாள் நீ இல்லை.

அடக்க ஆராதனைக்கு முன்னால் நடந்த கூத்தை உனக்குச் சொல்ல வேண்டும். உன் தம்பி கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிம்பாங் அம்பாட்டிலிருந்து வந்திருந்தான். புக்கிட் தெங்காவில் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்கிற பிள்ளை. என்ன வாசிக்கப்போகிறோம் என்று வேதாகமத்தைப் புரட்டிப் பார்த்தவன் முகம் மாறிவிட்டது. மூன்றாம் அதிகாரம் ஆரம்பம் முதல் முடிவு வரை பெயர்கள்தான். யார் எந்த வாசலைக் கட்டினான், அவனுக்கு அடுத்து யார், அவனுக்கு அடுத்து யார். ஆறுதலாக ஒரு வரி கிடையாது. அவன் தப்பாகக் கேட்கவில்லை, வேதனையோடுதான் கேட்டான்.

"அக்கா, பெட்டிக்கு முன்னால நின்னு ஆள் லிஸ்ட்டா வாசிப்பீங்க? கடைத்தெருவே வந்து உக்காந்திருக்கு. சிரிக்கமாட்டாங்க?"

பாஸ்டரும் தயங்கினார். அந்த அதிகாரத்தைத் தொட்டுவிட்டு, கூடவே சங்கீதத்தையும் வாசித்துவிடலாமே என்றார். எனக்கும் அவர்கள் சொல்வது நியாயமாகவே பட்டது. அதுமட்டுமா, ஆலயத்தில் நின்று நான் ஒரு வரியும் வாசித்ததில்லை. நான் வாசித்ததெல்லாம் உன் முன்னால், டிங் சத்தத்துக்கு நடுவில். அந்தப் பெயர்களில் பாதி எனக்கு வாயிலேயே நுழையாது. சங்கீதம் என்றால் மனப்பாடம், கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. உனக்குத் தெரியும். அவ்வளவுதான் காரணம். வரிசைப்படி அடுத்தது இதுதான், முடியாதென்றால் நான் வெளியே போய் வேனில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். வேன் ஓட்டுகிறவளின் குரலில் சொன்னேன், தம்பி வழி விட்டான்.

ஆலயம் நிறைந்திருந்தது. முன்னால் நம் சபையார். பின்னால் உன் கடை ஆட்கள், நகைக் கடைக்காரர்கள், பணம் மாற்றுகிறவர், நெற்றியில் திருநீற்றோடு அண்ணன். அவர் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார்.

நான் தொடங்கினேன். பிரதான ஆசாரியனே முதலில் எழுந்து ஆட்டு வாசலைக் கட்டுகிறான். அவனுக்கு அடுத்து ஓர் ஊரார். அடுத்து மீன் வாசலுக்கு ஒரு குடும்பம். ஓர் ஊரின் பெரிய மனிதர்கள் மட்டும் வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை என்று வாசித்தேன், பின் வரிசையில் யாரோ செருமினார்கள், உன் முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டார். அதற்கு அடுத்து வந்த ஒரு பெயரில் என் நாக்கு மாட்டிக்கொண்டது. எதையோ சொல்லிச் சமாளித்தேன். சமாளித்தேன் என்று எனக்கே தெரிந்தது. வாய் நின்றுவிட்டது, அடுத்த வரி கண்ணுக்குத் தெரியவில்லை. உன் பெட்டியைப் பார்த்தேன். தம்பி நெற்றியைப் பிடித்துக்கொண்டான்.

அப்போது பின்னாலிருந்து, டிங்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடையிலிருந்து நேராக வந்ததால் அண்ணனின் சட்டைப் பையில் ஒரு கரண்டி இருந்திருக்கிறது. அதை எடுத்துப் பெஞ்சின் இரும்புக் காலில் தட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடியே, அந்த ஒரு சத்தம் போதும். வரியின் தொடக்கத்துக்குத் திரும்பினேன், பெயரைப் பிய்த்துப் பிய்த்து, பலகையில் எழுத்துப் பொறுக்கின அதே மாதிரி பொறுக்கிச் சேர்த்துச் சொன்னேன். சரியாக வந்தது. அதற்குப் பிறகு நான் நிற்கவில்லை. நீ எப்படி நின்று நின்று சொல்வாயோ அப்படியே ஒவ்வொரு பெயரையும் சொன்னேன். ஒருவன் தன் மகள்களையும் கூட்டி வந்து கட்டுகிறான். ஒருவன் குப்பைமேட்டு வாசலைப் பழுதுபார்க்கிறான். ஒவ்வொருவனும் தன் வீட்டுக்கு எதிரே உள்ள பங்கைக் கட்டுகிறான். வீடில்லாமல் ஓர் அறை மட்டும் இருந்தவன், தன் அறைக்கு எதிரே கட்டுகிறான். கடைக்கு மேலே ஒற்றை அறையில் வாழ்ந்தவளே, அந்த வரியை உனக்கென்றே வாசித்தேன்.

ஆட்கள் மெல்ல மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கு அடுத்து, அவனுக்கு அடுத்து என்று சுவர் ஊரைச் சுற்றி வந்து, தொடங்கின ஆட்டு வாசலையே வந்து தொடுகிறது. அந்தக் கடைசித் துண்டைக் கட்டினவர்கள் யார் என்று எனக்கு அதுவரை தெரியாது, முன்கூட்டியே புரட்டிப் பார்க்கும் பழக்கத்தை நீதான் எனக்கு வைக்கவில்லையே. கண் அந்த வரிக்குப் போனதும் உடம்பு சிலிர்த்துவிட்டது. மைக்கைத் தள்ளி வைத்தேன். உன்னைப்போல் வாசித்தேன். அதைக் கட்டினவர்கள், நகை செய்கிற தட்டாரும் வியாபாரிகளும்.

மார்க்கெட் ஸ்ட்ரீட் பின்னால் உட்கார்ந்திருந்தது. நகைக் கடைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பணம் மாற்றுகிறவர் எழுந்தே நின்றுவிட்டார். முன்னால் சபையார் ஆமென் என்றார்கள், பின்னால் எப்போது சொல்ல வேண்டும் என்று தெரியாதவர்களும் சேர்ந்து சொன்னார்கள், ஆலயம் அதிர்ந்தது. அழுதார்களா ஆர்ப்பரித்தார்களா என்று தூரத்திலிருந்து கேட்டவர்களுக்குத் தெரிந்திருக்காது. கிட்டே நின்ற எனக்கே தெரியவில்லை. என் வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை, உன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அதை அனுபவித்தேன். சொல்வதற்கு எனக்குக் கூச்சமே இல்லை.

மண் போட்டுத் திரும்பும்போது தம்பி என் பக்கத்தில் வந்தான். மன்னிப்புக் கேட்பான் போல என்று நினைத்தேன். அவன் கேட்டது வேறு.

"சுவரக் கட்டி முடிச்சாங்களா அக்கா?"

நான் வாயைத் திறக்குமுன்னே அண்ணன் குறுக்கே விழுந்தார்.

"அது இன்னிக்குச் சொல்ல முடியாது தம்பி. வரிசைப்படிதான் வரும். காலையில கடைக்கு வாங்க."

வந்தான். வேலை இல்லாத நாட்களில் பாலம் தாண்டி வந்தான், மற்ற நாட்களில் தன் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு தொழிற்சாலை வாசலில் நின்று கேட்டான். அடுத்த அதிகாரத்தில் எதிரிகள் கேலி பேசினார்கள், நரி ஏறினால் இந்தச் சுவர் விழுந்துவிடும் என்றார்கள். ஜனங்கள் ஒரு கையில் வேலையும் மறு கையில் ஆயுதமுமாகக் கட்டினார்கள். சுவர் முடிந்ததென்று நான் வாசித்த காலை, அண்ணன் பால் குவளையை மேசையில் வைத்துவிட்டுக் கைதட்டினார். பிள்ளையாருக்கு அன்றைக்கு மாலையே போட்டார். அதற்குப் பின் ஒரு காலை, ஜனங்களெல்லாம் தெருவில் கூடி நிற்க, வேதத்தை ஒருவன் சத்தமாக வாசிக்கிற அதிகாரம் வந்தது. கேட்டவர்கள் அழுதார்கள். இன்றைக்கு அழ வேண்டாம், போய் நல்லதைச் சாப்பிட்டு இனிப்பானதைக் குடியுங்கள், இல்லாதவர்களுக்கும் அனுப்புங்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. நான் புத்தகத்தை மூடுவதற்குள் அண்ணன் கெட்டிப் பால் டப்பாவைத் திறந்துவிட்டார். தித்திக்கத் தித்திக்கத் தே ஆற்றி, பிளாஸ்டிக் பைகளில் கயிறு போட்டுக் கட்டி, ஆலயத்துக்கு வர முடியாத நம் கிழவிகளுக்கு என் வேனில் அனுப்பினார். சீனி வியாதிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று என்று நான்தான் தடுத்தேன்.

இப்போது அந்த ஓரத்து மேசை போதவில்லை. இரண்டைச் சேர்த்துப் போட்டிருக்கிறோம். கிழவிகள் வீட்டிலிருந்தபடி கைப்பேசியில் கேட்கிறார்கள். உன் விலைச் சீட்டு நிறம் மங்கிவிட்டது, இன்னும் அதுதான் அடையாளம்.

இன்று காலை அதிகாரம் முடிந்தது. ஒரு பெயரிலும் நான் நிற்கவில்லை, அந்த ஒரு டிங்கைத் தவிர. தட்டார், வியாபாரிகள் என்று முடித்தபோது நகைக் கடைக் காவலாளி தன் பெயரைக் கூப்பிட்டதுபோல் கையைத் தூக்கினார். கரண்டி தட்டின மனிதர் வெளியூர்க்காரர்போல, எழுந்து போகாமல் கடைசி வரை உட்கார்ந்து கேட்டிருந்தார். போகும்போது என்னிடம் வந்து, இவ்வளவு தெளிவாக வாசிக்க யாரிடம் கற்றுக்கொண்டீர்கள், அவருக்கு நல்ல குரலாக இருந்திருக்க வேண்டும் என்றார்.

அண்ணன் தேநீர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"குரலே கிடையாதுங்க அவளுக்கு," என்றேன்.